கோவை–சென்னை: விமானமா, வந்தே பாரத்தா?

பீளமேடு விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 405 கி.மீ. அரை மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் போல இருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

பலர் தடுமாறுவது இதற்கு வெளியே உள்ள நேரத்தில். செக்-இன் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். அவிநாசி ரோடு நெரிசலையும் சேர்த்து ஒன்றரை மணி முன்பே போய்விடுங்கள். பெட்டி வர 20 நிமிடம், மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி. வீட்டிலிருந்து கூட்டினால் நாலு மணி நேரத்தைத் தாண்டும்.

2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் சுமார் 5 மணி 50 நிமிடத்தில் சென்ட்ரலிலேயே இறக்கிவிடும்.

கோவைக்காரர்களுக்கு விமானம் லாபம்தான். ஈரோட்டுக்காரர்கள் விமானத்துக்காக 90 கி.மீ. மேற்கே வந்து திரும்பப் பறப்பது வீண். அங்கேயே ரயில் ஏறினால் சுமார் நாலரை மணிதான். திருப்பூருக்கும் கைப்பை மட்டும் இருந்தாலொழிய ரயிலே நல்லது.