கார்ஸ்டேல் நிலையத்தில் ஏறி இறங்கிய ஒன்பது ஆண்டுகள்

மாதம் ஒருமுறையாவது மலை நடைக்காக, வட இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஏறி கார்ஸ்டேலில் இறங்குவது எனக்கு ஒன்பது ஆண்டுப் பழக்கம். பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இறங்கியதும் ஊரைத் தேட வேண்டாம், ஊர் என்று அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு நடைமேடைகள், பழைய கல் கட்டடங்கள், 1910-இல் கட்டிய சிக்னல் அறை, ரயில்வே ஊழியர்களுக்காக அந்தக் காலத்தில் எழுப்பிய வரிசை வீடுகள். மற்றதெல்லாம் புல்மலையும் ஆடுகளும்தான்.

ஊரே இல்லாத இடத்தில் நிலையம் எதற்கு என்று முதல் முறை வந்தபோது நானும் கேட்டேன். மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் இந்த செட்டில்–கார்லைல் பாதையில் 1876-இல் பயணிகள் ரயிலை ஓடவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று இந்த நிலையம் திறந்தது. ஹாஸ் என்ற சந்தை ஊருக்குக் கிளைப்பாதை இங்கிருந்து பிரிந்ததால் முதலில் ஹாஸ் ஜங்ஷன் என்று பெயர். 1932-இல்தான் வெறும் கார்ஸ்டேல் என்று ஆனது. கிளைப்பாதை 1959-இல் போய்விட்டது.

இந்த இடத்தின் காற்றை அனுபவித்தால்தான் நம்ப முடியும். குளிர்காலத்தில் காத்திருப்பு அறையின் கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். 1900 வாக்கில், இஞ்சினைத் திசை திருப்ப இங்கிருந்த சுழல்மேடையில் நின்ற இஞ்சினைக் காற்று பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றியதாம். குழியில் மணலைக் கொட்டித்தான் நிறுத்தினார்கள். பிறகு பழைய ஸ்லீப்பர் கட்டைகளைச் செங்குத்தாக நட்டு, சுழல்மேடையைச் சுற்றி வேலியே அமைத்துவிட்டார்கள். இன்று அந்தச் சுழல்மேடை கீத்லி பாரம்பரிய ரயில் பாதையில் வேலை செய்கிறது.

இத்தனை தனிமையிலும் இங்கே வாழ்ந்தவர்கள் நிலையத்தையே ஊராக்கிக்கொண்டார்கள். காத்திருப்பு அறையில் தேவாலய வழிபாடு நடந்தது, நூலகமும் இருந்தது. இஞ்சின்களுக்கு நீர் தந்த பெரிய தொட்டியின் கீழறையில் நடனக் கூட்டம் நடக்கும். தலைக்கு மேல் தண்ணீர், கீழே ஆட்டம்! துயரமும் உண்டு. 1910 டிசம்பர் 24 அதிகாலையில், சிக்னலுக்காகக் காத்திருந்த இரண்டு இஞ்சின்களை சிக்னல்காரர் மறந்துவிட்டார். கிளாஸ்கோ விரைவு ரயில் அவற்றின் மேல் மோத, எரிவாயு விளக்குகள் பொருத்திய பயணிகள் பெட்டிகள் பற்றியெரிந்து 12 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் ரயில் நிற்பதைத் தானே காட்டும் மின்சுற்று முறையைப் பரவலாக்க இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

1970-இல் நிலையத்தை மூடினார்கள். 1986-இல் மீண்டும் திறந்தார்கள் என்றாலும், முழுப் பாதையையும் மூடும் திட்டம் அப்போது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் ரஸ்ஸப் என்ற நாயும் உண்டு. கட்டணம் செலுத்திய பயணி என்பதால் அதன் பாதத் தடத்தைக் கையொப்பமாகவே ஏற்றார்கள். 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. அடுத்த ஜனவரியில், பாதைக்காகப் போராடிய அதன் எஜமானர் வேல்ஸ் மலையில் நடக்கப் போன இடத்தில் இறந்தார். பதினொரு வாரம் கழித்துத் தேடிக் கண்டபோது, அந்தக் கிழட்டு நாய் உடலருகிலேயே கிடந்தது. உயிரோடு! 2009-இல் அதன் வெண்கலச் சிலையை இந்த நடைமேடையில் வைத்தார்கள். பனி நாள்களில் அதன் முதுகில் படிந்ததைத் துடைத்துவிட்டுத்தான் நான் வெளியே நடப்பேன்.

இனி சேவை. வாரநாள்களில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில். ஞாயிறன்று இன்னும் குறைவு. டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. என் பெரிய மனக்குறை ரத்து செய்யும் விதம்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலையில் ரயிலை ரத்து செய்துவிட்டு, அடுத்தது எப்போது என்றுகூட யாரும் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். நகரத்தில் ரயில் போனால் பஸ் இருக்கும். இங்கே ரயில் போனால் நாளே போயிற்று. இதை அட்டவணை போடுகிறவர்கள் உணர வேண்டும்.

மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது லிட்டில் ஒயிட் பஸ்ஸை. பள்ளத்தாக்கு மக்களே நடத்தும் சிறிய பஸ் அது. ரயில் நேரத்தை ஒட்டி வந்து ஹாஸுக்கு அழைத்துப்போகிறது. ஒருமுறை எங்கள் ரயில் தாமதமானபோது ஓட்டுநர் விளக்கை எரியவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். கிளைப்பாதை விட்டுப்போன வேலையை இந்தப் பஸ்தான் செய்கிறது. அது இல்லையென்றால், கார் இல்லாதவர்களுக்கு இந்த நிலையம் இருந்தும் இல்லாததுதான்.

புதிதாக வருகிறவர்கள் ஹாஸிலிருந்து திரும்பும்போது கார்ஸ்டேலின் கடைசி ரயிலை நம்பிக் கிளம்ப வேண்டாம், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். நான் எப்போதும் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவேன். வடக்கே டாண்ட்ரி மயர் பாலத்தின் பன்னிரண்டு வளைவுகளும் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பேன். அங்கே முதலில் மண்மேடுதான் போட நினைத்தார்கள். கொட்டிய மண்ணையெல்லாம் சதுப்பு விழுங்கிவிட்டதால் பாலம் கட்டினார்கள். அந்தப் பாலத்தின் மேல் ரயிலின் விளக்கு தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன்.