டக்டக்கோ இமெயில் ப்ரொடெக்ஷன் – ஸ்பாம் யாரால வருதுன்னு காட்டிக்கொடுக்குற சர்வீஸ்

ஜிமெயில் ஸ்பாம் ஃபில்டர் நல்லாத்தான் வேலை செய்யுது, அதுல எனக்கு குறையே இல்ல, 99.9 சதவீதத்துக்கு மேல தடுத்துடுறோம்னு கூகுளே சொல்லுது. ஆனா ஃபில்டர் பாக்குறது எல்லாம் மெயில் கிளம்பி வந்ததுக்கு அப்புறம்தான். நம்ம ஐடி யார் கைக்குப் போச்சு, யார் கொடுத்தாங்க, இதுக்கு அதுகிட்ட பதிலே கிடையாது. அந்தப் பதிலுக்காகத்தான் நான், கூகுள் மாதிரியே சர்ச் இன்ஜின் நடத்துற டக்டக்கோ கம்பெனியோட இமெயில் ப்ரொடெக்ஷன் யூஸ் பண்ண ஆரம்பிச்சேன், இப்போ யார் கேட்டாலும் இதைத்தான் போடச் சொல்றேன்.

2021ல பீட்டாவா, அதாவது சோதனை வடிவமா வந்துச்சு, 2022 ஆகஸ்ட்லருந்து யார் வேணா சேரலாம், காசு கிடையாது. போன்ல டக்டக்கோ ஆப், இல்லன்னா கம்ப்யூட்டர்ல குரோம்/பயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் போட்டுட்டு உங்க நிஜ மெயில் ஐடியை ஒரு தடவை கொடுத்தா போதும், டக் டாட் காம்னு முடியிற ஒரு ஐடி கிடைக்கும், அதுக்கு வர்றதெல்லாம் உங்க பழைய இன்பாக்ஸுக்கே வந்துடும். ஆனா விஷயம் அதுல இல்ல. எந்த சைட்ல மெயில் ஐடி கேட்டாலும் அந்த பாக்ஸ்லயே குட்டியா ஒரு வாத்து படம் வரும், அதைத் தொட்டா அந்த சைட்டுக்குன்னே புதுசா எழுத்தும் நம்பருமா கலந்து ஒரு ஐடி போட்டுக் கொடுக்கும். எத்தனை வேணாலும் எடுத்துக்கலாம். வேற ஆப்ல கேட்டா மட்டும் டக்டக்கோ ஆப்க்குப் போய் ஐடியை காப்பி பண்ணிட்டு வரணும், அது கொஞ்சம் சுத்து வேலைதான்.

இதோட அருமை எனக்கு எப்போ புரிஞ்சதுன்னா, வண்டி இன்சூரன்ஸ் ப்ரீமியம் எவ்ளோ வரும்னு பாக்க ஒரு சைட்ல புது ஐடி ஒண்ணு கொடுத்தேன், வேற எங்கயும் அந்த ஐடியை நான் போடவே இல்ல, கொஞ்ச நாள்ல அதே ஐடிக்கு பர்சனல் லோன், பிளாட் விற்பனை, கிரெடிட் கார்டுன்னு முன்ன பின்ன தெரியாத கம்பெனிங்க எல்லாம் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. ஐடி அங்கருந்துதான் வெளிய போயிருக்கு, வேற வழியே இல்ல. வித்தாங்களோ, அவங்ககிட்டருந்து யாராவது திருடினாங்களோ, எதுவா இருந்தாலும் என் டேட்டாவை பத்திரமா வச்சுக்கலங்கிறது உறுதி. வர்ற ஒவ்வொரு மெயிலுக்கும் மேல டிஆக்டிவேட்னு ஒரு லிங்க் இருக்கும், அதைத் தட்டி அந்த ஐடியையே மூடிட்டேன். அந்த வழியா இனி ஒண்ணும் வராது, என் நிஜ ஐடிக்கு எந்த பாதிப்பும் இல்ல.

இன்னொண்ணு, மெயிலுக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி சைஸ் படம் ஒளிச்சு வைப்பாங்க, நீங்க மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அவங்க சர்வர்லருந்து லோட் ஆகும், அதுலயே இந்த ஐடி உயிரோட இருக்கு, இந்த ஆள் படிக்கிறாருன்னு அவங்களுக்கு தெரிஞ்சிடும், அப்புறம் இன்னும் அதிகமா அனுப்புவாங்க. டக்டக்கோ இந்த மாதிரி ட்ராக்கரை எடுத்துட்டுத்தான் மெயிலை அனுப்புது, எத்தனை எடுத்தோம்னு மேலயே போட்டுடுது. நமக்கு நல்லா தெரிஞ்ச பெரிய ஷாப்பிங் சைட் மெயில்லயே இது இருக்கிறதைப் பாத்தா கோபம்தான் வருது.

குறை இல்லாம இல்ல. முக்கியமானது, நீங்க எடுத்த ஐடி எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டுற லிஸ்ட் இதுல கிடையாது, எந்த சைட்டுக்கு எது கொடுத்தோம்னு நாமதான் பாஸ்வேர்டு மேனேஜர்லயோ நோட்லயோ எழுதி வச்சுக்கணும். அடுத்து, அனுப்புனர் ஐடியும் டக் டாட் காம்னே முடியுற மாதிரி மாறி வர்றதால போலி மெயிலா நிஜ மெயிலான்னு கண்டுபிடிக்க முழு ஐடியையும் நிதானமா படிக்கணும், அவசரத்துல பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். சில சைட்டுங்க இந்த ஐடியை ஏத்துக்கவும் மாட்டாங்க. பேங்க், வருமான வரி, பிஎஃப் இதுக்கெல்லாம் தயவுசெஞ்சு இதைக் கொடுக்காதீங்க, நடுவுல இன்னொரு கம்பெனியை நம்பி அந்த மெயிலை எல்லாம் விடக்கூடாது.

ஜிமெயில்லயே பேருக்குப் பின்னாடி ப்ளஸ் போட்டு கடை பேர் சேர்த்துக்கலாமேன்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா ப்ளஸ்லருந்து பின்னாடி இருக்கிறதை வெட்டிட்டா உங்க நிஜ ஐடி அப்படியே வெளிய வந்துடும், ஸ்பாம் அனுப்புறவனுக்கு அது ஒரு வேலையே இல்ல. இதே மாதிரி ஐடி போட்டுக் கொடுக்குற மொசில்லாவோட பயர்ஃபாக்ஸ் ரிலேயும் பாத்தேன், அதுல லிஸ்ட் அழகா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி வச்சுக்கலாம், ஆனா காசு கட்டலன்னா 5 ஐடிதான். வீட்ல வயசானவங்களுக்குப் போட்டுக் கொடுக்கிறதா இருந்தா ரிலே ஈஸி, நெறைய சைட்ல பதிவு பண்றவங்களுக்கு டக்டக்கோ.

ஏற்கனவே உங்க ஜிமெயில் நாலு பக்கமும் போயிருந்தா இதைப் போட்ட உடனே ஸ்பாம் நிக்காது. தெரிஞ்ச கம்பெனி மெயில்னா அன்சப்ஸ்கிரைப் குடுங்க, 2024லருந்து ஒரு நாளைக்கு 5000க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க விளம்பர மெயில்ல ஒரே க்ளிக்ல விலகுற வசதி வைக்கணும்னு கூகுள் கண்டிஷன் போட்டிருக்கு. யாருன்னே தெரியாத மெயில்ல மட்டும் உள்ள இருக்குற அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடாதீங்க, ரிப்போர்ட் ஸ்பாம் போதும். அப்புறம் ஷாப்பிங், ஃபுட் ஆர்டர், வேலை தேடுற சைட்டுன்னு அதிகமா மெயில் அனுப்புறவங்ககிட்டருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு அக்கவுன்ட்லயும் ஐடியை மாத்திட்டே வாங்க, ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல.