வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் குறிவைத்து மூலிகை விற்கிறார்கள், 8,640 ரூபாய் போச்சு

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 8,640 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை. நாலு வருஷமாக வலிப்பே வராமல் இருந்த என் தம்பி, போன வாரம் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் விழுந்து, நாக்கைக் கடித்து, புருவத்தில் தையலோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். கடையில் யாரோ சாவிக்கொத்தை வேறு கையில் திணித்தார்களாம். (அதனால் வலிப்பு நிற்காது, கைதான் கிழியும். அது தனிக்கதை.)

அவன் சாப்பிடுவது ஃபெனிடாயின், மருந்துக்கடையில் எப்டாயின் என்று கேட்டு வாங்குவோமே அதுதான். வலிப்பை நன்றாகவே அடக்கி வைத்திருந்தது. ஆனால் ஈறு தடிக்கும், ஆள் கொஞ்சம் மந்தமாக இருப்பான், இரண்டுமே இந்த மாத்திரையில் வருகிறதுதான். இப்போது பெண் பார்க்கிறோம், அம்மாவுக்கு 'இன்னும் எத்தனை காலத்துக்கு இந்த மாத்திரை' என்கிற கவலை. இந்தக் கவலையை மோப்பம் பிடித்துத்தான் இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

ஆன்லைனில் மூலிகை மருந்து விற்கும் ஒரு செயலி அது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பர்கள் பயமுறுத்துவதால் போடவில்லை. 'வலிப்புக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம். மூன்று மாதத்துக்கு ஒரு சங்கபுஷ்பி சிரப், ஞாபகசக்தி கேப்சூல், ஏதோ ஒரு சூரணம், எல்லாம் சேர்த்து 8,640 ரூபாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. தம்பி எப்டாயின் சாப்பிடுகிறான், சேர்த்துக் கொடுக்கலாமா என்று தெளிவாகக் கேட்டேன். டாக்டர் சீட்டை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரலில் பதில் வந்தது, அதுவும் அச்சு அசல் எங்கள் திருநெல்வேலிப் பேச்சில். "அண்ணாச்சி, எங்க டாக்டர் சீட்டைப் பாத்துட்டாங்க. மூலிகைதான, ஒண்ணும் செய்யாது. மாத்திரைக்கும் இதுக்கும் அரை மணி நேரம் விட்டுக் குடுங்க. ஆறு மாசத்துல மாத்திரையவே நிறுத்திரலாம், அம்மாவக் கவலப்படாம இருக்கச் சொல்லுங்க." சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? உடனே பணம் கட்டினேன். சீட்டைப் பார்த்த அந்த டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் இன்றுவரை கேட்கிறேன், பதில் இல்லை.

தம்பி விழுந்த பிறகு நரம்பியல் மருத்துவர் இரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு பார்க்கச் சொன்னார். 10-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டியது 5-க்கும் கீழே கிடந்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை, அம்மா எண்ணி எடுத்துக் கொடுக்கிறவள். சிரப் பாட்டிலைக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத சிரப் ஃபெனிடாயின் அளவைக் குறைக்கிறது என்று மும்பையில் செய்த ஆய்வு 1992-லேயே வெளிவந்திருக்கிறது. அடங்கியிருந்த வலிப்பு இரண்டு பேருக்குத் திடீரென்று திரும்பியதில்தான் சந்தேகம் வந்து, எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலே தெரிந்த விஷயம், சீட்டைப் பார்த்த 'டாக்டருக்கு' மட்டும் தெரியவில்லையாம்! கேப்சூலில் ஜிங்கோ என்கிற மூலிகை வேறு இருக்கிறது, அதுவும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்றார்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிகிறது. அதே பெண்ணைக் கூப்பிட்டால், "கழிவு வெளிய போகுது அண்ணாச்சி, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். தையல் போட்ட ஃபோட்டோவை அனுப்பினேன், மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பணத்தைக் கேட்டால் மூடி திறந்த பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். செயலியில் புகார் போட்டேன், நாங்கள் இடத்தை மட்டும்தான் கொடுக்கிறோம், விற்றவரைக் கேளுங்கள் என்று ஒரு பதில். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இதற்கு நடுவில் 'அடுத்த கோர்ஸுக்குத் தள்ளுபடி' என்று வேறொரு நம்பரிலிருந்து மெசேஜ். 8,640 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை, ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆன செலவு தனி.

என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, நாளைக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். அவசரமாகச் சில மட்டும்.

வலிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே 1954-ஆம் வருஷச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அதோடு விட்டுவிடுங்கள். சிரப், சூரணம், கேப்சூல் எதுவானாலும் பாட்டிலையே கொண்டுபோய் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள், விற்கிறவனிடம் கேட்காதீர்கள். யார் சொன்னாலும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே இப்படி எதையாவது சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். பில், வாட்ஸ்அப் குரல் பதிவு, பாட்டில், எதையும் அழிக்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள்.

நான் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி சீட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பி வாங்கினவர்கள் யாராவது இருந்தால் பில்லோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.