ஜிம்னிக்கு டோ ஹிட்ச் போடக் கொடுத்தால், பணம் எண்ணும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

மாருதி சுசூகியின் 5 கதவு ஜிம்னி ஒன்றுக்கு டோ ஹிட்சும் (வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இரும்பு அமைப்பு) ட்ரெய்லர் ஒயரிங்கும் போட்டுத் தர பெங்களூரில் ஒரு கடை 24,000 ரூபாய் வாங்கியது. "சேஸிஸ் மவுண்ட்ணா, 1500 கிலோ தாங்கும், ஒயரிங் எல்லாம் ரிலே கிட்டோட" என்று வாயால் சொன்னார்கள். சேஸிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். கையில் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி பில் கிடையாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ட்ரெய்லரில் பாதிச் சுமையோடு போய் வந்ததிலேயே ஹிட்ச் ஆடத் தொடங்கிவிட்டது. வேறொரு கடையில் லிஃப்டில் ஏற்றிக் கழற்றிப் பார்த்தால், சொன்னதில் ஒன்றுகூட வண்டியில் இல்லை. தமிழ் பேசுகிற ஆள், நம்ம ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் கொடுத்த வேலை அது. கடை எது என்பதைவிட என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

பின் பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டில்தான் ஹிட்சை மாட்டியிருந்தார்கள். பம்பரின் கனத்தைச் சுமக்க வைத்த தகடு, ட்ரெய்லரை எப்படித் தாங்கும்? ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ட்ரெய்லரின் டிரா பார், அதாவது முன்னால் நீளும் இழுப்புக் கம்பி, ஹிட்சை மேலும் கீழும் நெம்பும். டோ பால் (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) சேஸிஸை விட்டு எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ, அந்த நெம்பலும் அவ்வளவு கூடும். சரியான ஹிட்சுக்கு இரண்டு பக்கமும் சேஸிஸ் ரெயிலை, அதாவது நீளவாட்டுச் சட்டத்தை, ஒட்டி முன்னோக்கி ஓடும் கைகள் இருக்கும். ஒவ்வொரு கையும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டு மூன்று இடங்களில் போல்ட் ஆகியிருக்கும். பம்பரைக் கழற்றினாலும் ஹிட்ச் அசையாமல் நிற்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

போல்ட்டுகளில் எந்த எழுத்தும் இல்லை. ஹை டென்சைல் (அதிக இழுப்பைத் தாங்கும்) போல்ட் என்றால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று தர எண் புடைப்பாக இருக்கும். தலை மொட்டையாக இருந்தால் அதை 4.6 தரத்து சாதா போல்ட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்பைத் தாங்குவது போல்ட்டின் தடிமன் மட்டும் கிடையாது. இறுக்கிய போல்ட் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது, அந்த உராய்வுதான் ஹிட்சை நகரவிடாமல் வைக்கிறது. 4.6 போல்ட்டால் 8.8 தரும் அழுத்தத்தில் பாதியைக்கூடத் தர முடியாது, அதற்குள் இழுபட்டுவிடும். போதாததற்கு ஓட்டைகளை கேஸ் கட்டரில் வெட்டி, போல்ட்டைவிடப் பெரிதாக விட்டிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றி பெயின்ட் வட்டமாகத் தேய்ந்து, வாஷர் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு மாவு படிந்திருந்தது. தகடு வழுக்கி உரசிக்கொண்டிருப்பதற்கு அதுதான் அடையாளம். உங்கள் வண்டியில் அந்த மாவைக் கண்டால் அன்றே ட்ரெய்லரை அவிழ்த்துவிடுங்கள்.

எம் 12 அளவில் 8.8 போல்ட் என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். ஹிட்சோடு தயாரிப்பாளர் தாள் வந்திருந்தால் அதில் உள்ள எண்ணே இறுதி. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். நட்டு நைலாக் (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஆக இருக்கட்டும். இன்னொன்று, சேஸிஸ் ரெயில் உள்ளே வெற்றான பெட்டி. இரண்டு சுவரையும் ஊடுருவி போல்ட் போட்டு வெறுமனே முறுக்கினால் சுவர் உள்வாங்கும், கொஞ்ச நாளில் போல்ட் தளரும். உள்ளே ஸ்பேசர் குழாய் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கழற்றிய வண்டியில் அந்தக் குழாய் இல்லை, இடது ரெயிலின் சுவர் லேசாகக் குழிந்தே போயிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஆறாத சேதம் அது.

1500 கிலோ என்று தகட்டில் அடித்திருந்தது தனி ஏமாற்று. ஜிம்னியின் சொந்த எடையே ஏறக்குறைய 1200 கிலோதான். ஐரோப்பாவில் 3 கதவு ஜிம்னிக்கு நிறுவனமே கொடுத்த வரம்பு, ட்ரெய்லரில் பிரேக் இருந்தால் 1300 கிலோ, இல்லாவிட்டால் 350 கிலோ. டோ பால் மீது இறங்கும் சுமை 75 கிலோவுக்குள். உங்கள் வண்டியோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதைத் தாண்டி எந்த ஹிட்ச் தகடும் வண்டியின் பலத்தைக் கூட்டாது.

டோ பாலிலும் ஒரு வில்லங்கம். ட்ரெய்லரின் கப்ளர் (பாலைக் கவ்வும் கிண்ணம்) 2 இன்ச், அதாவது 50.8 மில்லிமீட்டர். கடை போட்டது 50 மில்லிமீட்டர் பால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த 0.8 மில்லிமீட்டரால் கப்ளர் தளர்ந்து ஒவ்வொரு குழியிலும் 'டக் டக்' என்று அடிக்கும், பெரிய குலுக்கலில் கழன்று எகிறவும் கூடும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் பால் தேய்ந்து 49க்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். சேஃப்டி செயினை டோ பால் தகட்டிலேயே கோர்த்திருந்தார்கள். அந்தத் தகடு கழன்றால் செயினும் கூடவே போகும். செயினுக்கு சேஸிஸோடு சேர்ந்த தனிக் கொக்கி வேண்டும், டிரா பாருக்கு அடியில் குறுக்காக மாற்றிக் கோர்க்க வேண்டும். அப்போதுதான் கப்ளர் கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் செயினில் விழும். சேற்றில் மாட்டிய வண்டியை டோ பாலில் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டவே வேண்டாம். அறுந்து பறக்கும் டோ பால் ஆளைக் கொல்லும்.

ரிலே கிட் என்றார்களே, அதுவும் இல்லை. டெயில் லேம்ப் ஒயரைச் சீவி, ட்ரெய்லர் ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி முடித்திருந்தார்கள். சைலன்சர் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்துகிடந்தது. இண்டிகேட்டர், பிரேக் பல்ப் ஒவ்வொன்றும் 21 வாட். ட்ரெய்லரின் பிரேக் லேம்ப் இரண்டையும் சேர்த்தால் கூடுதலாக மூன்றரை ஆம்பியர் வண்டியின் சொந்த சர்க்யூட்டில் ஏறும். இன்றைய வண்டிகளில் பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்குகளை இயக்கும் கணினிப் பெட்டி) அதைத் தாங்கவென்று செய்யப்படவில்லை, எரிந்தால் செலவு பெரியது. பைபாஸ் ரிலே மாட்யூல் வண்டி ஒயரிலிருந்து சிக்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும். பவர் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனியாக வர வேண்டும். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

7 பின் சாக்கெட்டில் வரிசை இது: 1 மஞ்சள், இடது இண்டிகேட்டர். 2 நீலம், ஃபாக் லேம்ப். 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது இண்டிகேட்டர். 5 பழுப்பு, வலது டெயில். 6 சிவப்பு, பிரேக். 7 கறுப்பு, இடது டெயில். இந்தக் கடை வெள்ளை ஒயரை இழுக்கவே இல்லை, கிரீஸ் தடவிய டோ பால் வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டுவிட்டது. பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் கோளாறு எர்த்தில்தான்.

வண்டியின் வால் தொங்குகிறது என்று காயில் ஸ்பிரிங்கின் இடுக்கில் ரப்பர் பஃபர் திணித்து அதற்கும் தனியாக வாங்கியிருக்கிறார்கள். பஃபர் ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை முடக்குமே தவிர வண்டியின் சுமை வரம்பை ஏற்றாது, ஆக்ஸில் ஏறி இறங்கும் அளவையும் குறைத்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது ட்ரெய்லரின் மூக்குச் சுமை, அதாவது டோ பால் மீது அது இறக்கும் எடை. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் சரி, 300 கிலோ ட்ரெய்லருக்கு 15 முதல் 30 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டோ பால் உயரத்தில் கப்ளரை அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். தண்ணீர் கேன், சிலிண்டர் போன்ற கனமான சாமான்களை ஆக்ஸிலுக்கு நேர் மேலே வையுங்கள்.

"சின்ன ட்ரெய்லருக்கு ஆர்டிஓ ஒண்ணும் வேணாம்ணா" என்றதும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28) ட்ரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே சொல்கிறது. பிரிவு 39ன்படி பதிவு இல்லாமல் சாலையில் இறக்கக் கூடாது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை பிரிவு 52 தடுக்கிறது. விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது இந்தக் காகிதங்களைத்தான். பதிவு எண் இல்லாத ட்ரெய்லரை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கழற்றிய போல்ட்டையும் தகட்டையும் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பின்னால் காட்ட அதுதான் சான்று. கழற்றும் முன்பும் பின்பும் படம் எடுங்கள், இரண்டாவது கடையில் என்ன கண்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். பில் தராவிட்டாலும் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.