கேம்ப் டேவிட் சமரசம்: கார்ட்டருக்கு ஐந்துக்கு நாலு

மத்தியஸ்தத்தையும் ஒரு சேவையாக எடைபோடலாம் என்றால், 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், கேம்ப் டேவிட் என்ற அதிபர் ஓய்வு இல்லத்தில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே செய்த சமரசத்துக்கு நான் நாலு நட்சத்திரம் தருவேன். எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் ஆரம்ப நாட்களிலேயே நேருக்கு நேர் பேச முடியாத அளவுக்கு முட்டிக்கொண்டார்கள்; சரி, இனி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் வேலைக்கு ஆகாது என்று கார்ட்டர் வரைவுத் தாளோடு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார், திருத்தித் திருத்தி இருபதுக்கும் மேற்பட்ட வரைவுகள், மொத்தம் 13 நாள். ஒரு அதிபர் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு இப்படி உட்காருவது லேசுப்பட்ட காரியமா?

பேச்சு முறியும் நிலையில், பெகினின் பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்ட படங்களைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார் பாருங்கள், அந்த இடம் இன்னும் என் நெஞ்சைத் தொடுகிறது. 1979 மார்ச்சில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1982இல் தாபா என்ற சிறு பகுதி தவிர, 1967 போரில் இஸ்ரேல் பிடித்திருந்த சினாய் தீபகற்பம் முழுவதும் எகிப்து கைக்கு வந்தது, அப்புறம் இரு நாடுகளும் போருக்குப் போகவே இல்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், பாலஸ்தீனர்கள் அந்த மேசையில் இல்லை. அவர்களைப் பற்றிய பகுதி தாளோடு நின்றுவிட்டது.