ஒரு கிலோ வெட்டுத்துணியில் தைக்க உதவுவது எவ்வளவு? அம்மாபேட்டைக் கடையில் இரண்டு முறை வாங்கிய அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறிச் சத்தம் ஓயாத குறுக்குத் தெரு ஒன்றில், நைட்டி தைக்கும் இடங்களிலும் லுங்கி மூட்டும் இடங்களிலும் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளை வாங்கி வந்து, கிலோ கணக்கில் விற்கிறார் ஒரு பெண்மணி. வீட்டின் முன்னறைதான் கடை, பெயர்ப்பலகை கிடையாது. ஏற்காட்டில் வசிக்கும் நான், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து இரண்டு முறை அங்கே துணி வாங்கினேன். அதைக் கொண்டு சூடான பாத்திரம் பிடிக்கும் பிடிதுணிகள், ஒரு சுருக்குப்பை, மடியில் போட்டுக்கொள்ளும் ஒட்டுப்போர்வை ஒன்று ஆகியவற்றைத் தைத்து, மூன்று மாதம் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

கடையில் இரண்டு வகையாக விற்கிறார்கள். கயிறு போட்டுக் கட்டிய ஒரு கிலோ கட்டு 120 ரூபாய். குவியலில் உட்கார்ந்து நாமே பொறுக்கி எடுத்தால் கிலோ 180 ரூபாய். முதல் முறை விலையைப் பார்த்துக் கட்டையே வாங்கினேன். வீட்டிற்கு வந்து பிரித்து, தைக்க உதவும் பருத்தித் துணியை மட்டும் தனியே நிறுத்தபோது 580 கிராம்தான் தேறியது. மீதி, நழுவுகிற பாலியஸ்டர் லைனிங் துணியும் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத நறுக்குகளும். அடுத்த முறை பொறுக்கி எடுத்த கிலோவில் 920 கிராம் தேறியது. கணக்குப் போட்டால் கட்டில் கிடைத்த நல்ல துணியின் விலை கிலோ ஏறத்தாழ 207 ரூபாய், பொறுக்கியதன் விலை 196 ரூபாய். குறைந்த விலை என்று நினைத்து வாங்கியதுதான் உண்மையில் கூடுதல் விலை. ஆகவே இந்தக் கடைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போய், குவியலில் பொறுக்கியே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொறுக்கும்போது நிறத்தைவிட நூலைப் பார்ப்பது முக்கியம். கையில் கசக்கிப் பார்த்தால் பருத்தி சுருக்கம் விழுந்து அப்படியே நிற்கும். பாலியஸ்டர் பெரும்பாலும் விரிந்துகொள்ளும். இரண்டும் கலந்து நெய்த துணி இந்தச் சோதனையில் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால், வீட்டிற்கு வந்ததும் சந்தேகமான ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு இழையை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணிபோல உறைந்துவிடும். பட்டு, முடி கருகும் வாசனையைத் தரும். பிடிதுணி தைக்க நினைப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் சூடான தோசைக்கல்லைப் பிடிக்கிற துணியில் பாலியஸ்டர் இருந்தால் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

துணிகளை வெட்டுவதற்கு முன் துவைத்தாக வேண்டும். பருத்தி முதல் துவைப்பிலேயே சுருங்கும். எல்லாத் துணியும் ஒரே அளவு சுருங்காததால், துவைக்காமல் தைத்த ஒட்டு வேலை பிறகு ஓரங்களில் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். சிறு துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிப் பிரியாமல் போவதைத் தவிர்க்க, தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டித் துவைத்தேன். சிவப்பு லுங்கித் துண்டுகளை மட்டும் தனியே நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்ததில் இரண்டு துண்டுகள் சாயம் விட்டன, அவற்றை ஒதுக்கிவிட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வதுண்டு. ஏற்கெனவே சாயமேற்றிய துணிக்கு அதனால் பயன் இல்லை.

இந்தச் சரக்கில் மிகச் சிறப்பாக அமைந்தது பிடிதுணிதான். 8 அங்குலச் சதுரமாக இரு பக்கமும் கட்டம் போட்ட லுங்கித் துணி, நடுவில் பழைய குளியல் துண்டு மூன்று மடிப்பு, 14 ஆம் எண் ஊசி, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அங்குல இடைவெளியில் தையல். லுங்கியின் கட்டங்களே கோடு போட்டுக் கொடுப்பதால் தனியாகக் குறிக்க வேண்டிய வேலையும் இல்லை. மூன்று மாதத்தில் வாரம் இருமுறை துவைத்தும் ஓரம் பிரியவில்லை.

சுருக்குப்பைக்கு வெண்பட்டு வேட்டியின் கரைத்துண்டு ஒன்று குவியலின் அடியில் கிடைத்தது. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற துணி; அதன் கையகலத் துண்டைக்கூட வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டு நழுவும் என்பதால், பின்புறம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸைத் தேய்த்து ஒட்டி, 11 ஆம் எண் ஊசியால் தைத்தேன்.

போர்வைதான் பொறுமையைச் சோதித்தது. இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக இணைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் ஒன்று வரும். அப்படி 42 கட்டங்கள், மொத்தம் 378 சதுரங்கள். ஒவ்வொரு தையலுக்கும் விடுகிற கால் அங்குலம் மாறாமல் இருக்க வேண்டும். தையல் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளி விழுந்தால் இரு பக்கமும் சேர்த்து ஒரு தையலுக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறையும். ஒரு வரிசையில் இரண்டு தையல் இருப்பதால் கட்டம் கால் அங்குலம் குறுகிவிடும். என் முதல் ஐந்து கட்டங்கள் இப்படித்தான் குறுகிப்போயின. பிறகு இயந்திரத்தின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி, அதை ஒட்டியே துணியை விட்டதும் சரியானது. வெட்டுத்துணியில் ஒரே தடிமன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: கனத்த லுங்கியும் மெல்லிய நைட்டித் துணியும் அருகருகே வரும்போது மெல்லியது சுருங்கி இழுபடுகிறது. ஒத்த கனமுள்ளவற்றைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் துவைத்த துணி நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். பஞ்சு வைத்தது இன்னும் மோசம். ஆகவே பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்து வைத்துத் தைத்தேன். மாலைக் குளிருக்கு மடியில் போட்டுக்கொள்ள அது போதுமானதாக இருக்கிறது. சனவரி இரவுக்குக் கம்பளியின் துணை வேண்டியிருக்கிறது.

கடையைப் பற்றிச் சில குறைகள் உண்டு. கட்டின் மேற்புறத்தில் நல்ல துண்டுகளை வைத்து, கீழே உதவாதவற்றை வைத்துக் கட்டுவது நியாயமில்லை. சில துண்டுகளில் இயந்திர எண்ணெய்க் கறை இருந்தது. இருமுறை துவைத்தும் அது போகவில்லை. இவற்றை இரண்டாம் முறை போனபோது அவரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, “கட்டு எங்களுக்கு அப்படியேதான் வருது கண்ணு, நாங்க பிரிச்சுப் பாக்கறதில்ல. திங்கக்கிழமை காலையில வாங்க, புது மூட்டை அவுக்கறப்பவே நல்லதா எடுத்துக்கலாம்” என்றார். எடை போடுவதில் குறை ஏதும் காணவில்லை. துணி கொண்டுவரப் பை தருவதில்லை என்பதால், ஒரு பெரிய துணிப்பையும் ஆறு அங்குல அளவுகோலும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று அங்குலத்திற்குக் குறைவான துண்டுகளை அங்கேயே விட்டுவிடலாம்.