ஐந்து நாள் தாண்டியும் விடாத காய்ச்சல்: ஆரணிப் பக்கம் நாங்கள் பார்த்த மருத்துவம்

டிசம்பர் லீவுக்கு மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போய் வந்தோம். நான், கணவர், நாலு வயது மகன். என் அம்மா வீடு ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டாக்சி, சிம் கார்டு, பணம் மாற்றுவது பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மருத்துவ வசதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பயணத்தில் பெரும்பகுதி அதிலேயே போனது, சின்னப் பிள்ளைகளோடு மழை முடிந்த இந்தக் குளிர் மாதங்களில் ஊருக்குப் போகிற யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

மகனுக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ், ஒரு சின்னப் பூச்சி கடித்து வருகிற கிருமிக் காய்ச்சல். ஊர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், ஓடி ஆடுகிறான், அதனால் பயப்படாமல் படிக்கலாம். ஆனால் காய்ச்சல் தொடங்கியதற்கும் சரியான மருந்து உடம்புக்குள் போனதற்கும் நடுவில் ஒரு வாரம் போல ஓடிவிட்டது, அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

முதல் நாள் காய்ச்சல் வந்ததும் டவுனில் நல்ல பேர் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனோம். மாலையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ராத்திரி ஆகிறது, அவ்வளவு கூட்டம், பாதிக்குப் பாதி காய்ச்சல் கேஸ். "சீசன் காய்ச்சல்தாம்மா, வைரல், மூணு நாள்ல விட்டுடும்" என்று பாராசிட்டமால் சிரப்பும் சளிக்கு ஒரு மருந்தும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அப்படிச் சொல்வதில் தப்பில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வைரல்தான், தானாகவே விட்டுவிடும். மூன்று நாள் போயும் விடாததால் மறுபடி போனோம். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு நெகட்டிவ், தட்டணுக்கள் (பிளேட்லெட்) கொஞ்சம் குறைச்சல், விடால் டெஸ்டில் "லேசா டைபாய்டு காட்டுது" என்று சொல்லி, காலையும் மாலையும் ஆன்டிபயாட்டிக் ஊசி என்று ஆரம்பித்தார்கள்.

இந்த "லேசா டைபாய்டு" ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தை. எங்கள் தெருவிலேயே போன வருடம் மூன்று பேருக்கு லேசா டைபாய்டு வந்திருக்கிறது. பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார்: ஒரே ஒரு தடவை எடுக்கிற விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது, வேறு காய்ச்சலிலும் அது பாசிட்டிவ் காட்டும், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. மகனுக்குப் போட்ட ஊசி டைபாய்டுக்கு நல்ல மருந்துதான், ஆனால் ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் உடம்பின் செல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற வகை, பெனிசிலின் குடும்பத்து மருந்துகளும் செஃப் என்று பேர் தொடங்கும் மருந்துகளும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் ஊசி ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று, அந்த கிளினிக்கில் அத்தனை தடவையும் யாரும் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததுகூட சட்டைக்கு மேலேதான்.

நாட்கள் போகப் போக அவனிடம் தெரிந்த மாற்றத்தைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். முதல் மூன்று நாள் பாராசிட்டமால் கொடுத்து ஜுரம் இறங்கினால் எழுந்து உட்காருவான், பொம்மை கேட்பான், தாத்தாவோடு வாசலுக்குப் போவான். அதற்கப்புறம் தெர்மாமீட்டரில் சூடு இறங்கினாலும் அவன் எழுந்திருக்கவில்லை. படுத்தே கிடந்தான், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். காலையில் எழும்போது கண் இமையும் முகமும் லேசாக வீங்கியிருந்தன. வயிறு உப்பலாகத் தெரிந்தது. வறட்டு இருமல் புதிதாக வந்தது. சிறுநீர் போவது குறைந்தது. அம்மா கண்ணு பட்டிருக்கு என்று வேப்பிலை வைத்து மந்திரிக்க ஆள் கூட்டி வந்தார், அது அவர் மனசுக்கு, நான் தடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு எதிர் வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி நாள் சொல்ல வந்த கிராம செவிலியர்தான் திருப்பம். அம்மா திண்ணையில் புலம்பியதைக் கேட்டு உள்ளே வந்தார். "எத்தனை நாளாம்மா காய்ச்சல்?" என்றார். அஞ்சு நாளைத் தாண்டிவிட்டது என்றதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "துணியெல்லாம் கழட்டிப் பாத்தீங்களாம்மா? அக்குள், காது பின்னாடி, தொடை இடுக்கு, தொப்புள், எல்லாம் பாக்கணும்." அவரே ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் அவனைப் படுக்க வைத்துத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். தொடை இடுக்கில் இருந்தது, அரை சென்டிமீட்டருக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், சிகரெட் நுனி பட்டுச் சுட்ட வடு போல. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. அந்தப் புண் வலிக்காது, அரிக்காது. அதனால் பிள்ளைகள் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். குளிப்பாட்டும்போது பார்த்தாலும் பூச்சிக்கடி, உள்ளாடை உரசிய புண் என்றுதான் தோன்றும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்கும் என்றும் இல்லை, இல்லாவிட்டால் இந்த நோய் இல்லை என்று அர்த்தமும் இல்லை. ஆனால் இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

அப்புறம் அவர் செய்த இரண்டாவது காரியம், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அவன் மூச்சை எண்ணினார். ஐம்பதைத் தொட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 60. உலக சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு இது, கருவி எதுவும் வேண்டாம், செல்போனில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். அழும்போது எண்ணக் கூடாது, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதும் சரியாக வராது.

"இப்பவே பி.எச்.சி. போயிடலாம், நாளைக்கு வேணாம்" என்றார். ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இளம் டாக்டர் இருந்தார், சீட்டு, ஆதார் என்று யாரும் நிறுத்தவில்லை. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், 92க்குக் கீழே. விரல் நுனியை அழுத்தி விட்டு நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்த்தார்கள், கல்லீரலைத் தொட்டுப் பார்த்தார்கள், அந்தக் கறுப்புப் பொருக்கைப் பார்த்ததும் டாக்டர் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை, அசித்ரோமைசின் சிரப் முதல் டோஸ் அங்கேயே கொடுத்துவிட்டு 108ஐக் கூப்பிட்டார். காத்திருக்காதது சரி என்று பிறகு புரிந்தது, இந்த நோய்க்கான ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் நெகட்டிவாகவே வரலாம், சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை உடனே தொடங்குவதுதான் முறை.

108 பற்றி ஒரு வார்த்தை. 2008லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற இலவச ஆம்புலன்ஸ். வெளிநாட்டுக் குடும்பம் என்று பணமோ பாஸ்போர்ட்டோ கேட்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் இருந்தது, கூட வந்த பயிற்சி பெற்ற பணியாளர் வழியெல்லாம் அவன் விரல் கிளிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, போகிற மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டார். சொந்தக் காரில் போயிருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது, போய் இறங்கிய பிறகும் ஓ.பி. வரிசையில் நின்றிருப்போம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கூட்டம் அதிகம், கழிவறை மோசம், ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்தான் கூட இருக்கலாம், போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும், ராத்திரி விளக்கு அணையாது. ஆனால் நோயை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் பாதிப்பு தெரிந்தது, ஆக்சிஜன் வைத்தார்கள், டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். டாக்சிசைக்ளின் என்றதும் நான் கேட்டேன், எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் கறையாகும் என்பார்களே என்று. அது பழைய டெட்ராசைக்ளினால் வந்த பயம், குறைந்த நாள் கொடுக்கிற டாக்சிசைக்ளினால் பல் கெடுவதில்லை, இந்த நோயில் இதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டது. சரியான மருந்து போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடுமாம். எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டான்.

தாமதமானால் என்ன ஆகும் என்று அதே வார்டில் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதை வேண்டுமானாலும் தாக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் பிள்ளைக்கு வலிப்பு வந்து கொண்டுவந்திருந்தார்கள், அந்தத் தாயும் ஒரு வாரமாக டவுன் கிளினிக்குகளுக்கு அலைந்தவர்தான்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்களை வார்டில் டாக்டர்களும் நர்சுகளும் திரும்பத் திரும்பச் சொன்னபடி சொல்கிறேன். பிள்ளை தண்ணீரோ பாலோ குடிக்கவே மாட்டேன் என்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாக வருகிறது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மந்தம், மூச்சு வேகம், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே போவது, உதடு நீலம், கைகால் சில்லென்று ஆவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். இதில் ஒன்று இருந்தாலும் அது எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று பார்க்க வேண்டாம், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே போதும், வேறு அடையாளம் தேடவே வேண்டாம். இந்த அடையாளம் ஒன்றும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் ஐந்து நாள் தாண்டினாலும் வைரல் என்ற பேச்சை அதோடு நிறுத்திவிட்டு ஏன் விடவில்லை என்று டாக்டரிடம் கேட்க வேண்டும், கறுப்புப் பொருக்கு தேடினீர்களா என்றும் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

டெங்கு வேறு மாதிரி, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஒரே சீசனில் இரண்டும் வருகிறது, இரண்டிலும் தட்டணு குறையும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் விட்டதும் அப்பாடா என்று இருக்கும்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு என்று ஆரம்பித்தால் அது குணமாவதன் அறிகுறி இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து நியூரோஃபென் பாட்டிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பது ஐபுப்ரோஃபென்தான்.

இன்சூரன்ஸ் பெரிதாக உதவவில்லை, உதவ வேண்டிய அவசியமும் வரவில்லை. அரசு மருத்துவமனையில் செலவு இல்லை, விமான டிக்கெட் தள்ளிப்போட்டதற்கு மட்டும் கேட்டோம், அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியும், பயணம் செய்யலாம் என்ற கடிதமும் கேட்டார்கள். வார்டை விட்டு வருவதற்கு முன்பே இரண்டையும் கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

எங்கே பிடித்திருக்கும் என்று யோசித்தால், கொல்லை, வரப்பு, விறகு அடுக்கிய இடம், வைக்கோல் போர், எல்லா இடத்திலும் விளையாடினான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு சிலந்திப்பேன் குஞ்சு கடித்து வருகிறது, மாட்டில் நாயில் பார்க்கிற உண்ணி இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. விளையாட விட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்காகத்தானே ஊருக்கே போகிறோம். முழுக்கால் சட்டை, ஷூ, பூச்சி விரட்டும் களிம்பு, புல்லில் துணி விரிக்காமல் உட்கார வைக்காதது, விளையாடி வந்ததும் குளியல், போட்ட துணியை அன்றே துவைப்பது, அவ்வளவுதான்.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரம் வரை கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அதாவது விமானம் ஏறி வீடு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும் வரலாம். மெல்போர்னிலோ லண்டனிலோ இருக்கிற டாக்டருக்கு இது முதலில் மனதில் வராது, ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்திலும் இந்த நோய் உண்டு என்றாலும் தெற்கே இருப்பவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் டாக்டர் எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதாக உட்கார்ந்து படித்தார். ஊரிலிருந்து வந்து பிள்ளைக்கு ஜுரம் என்றால், எந்த ஊர், எந்த மாதம், வயல் பக்கம் போனானா என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள், சொல்வதற்கு முன் வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் உடம்பு முழுக்க ஒரு தடவை பாருங்கள்.